அறைக்கா, ஹாலுக்கா

ஓசூர்
4-11-2025, செவ்வாய்

நிகத்,

நல்லா இருக்கியா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை.

மார்க்கெட்டில் உன் அண்ணன் அதீப்பின் வண்டியிலிருந்து தேங்காய் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கி முடிவதற்குள் எழுதித் தரச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டாதே.

இனிமேல் போனில் ஒரு வார்த்தை கிடையாது, சொல்வதாக இருந்தால் தாளில் சொல்லட்டும், தாள் சத்தம் போடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் வேண்டுமென்றே செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. தங்கச்சி ஜைபாவுக்குக் காலேஜ் வீடியோ ஒன்றைக் காட்டுவதற்காக என் போனை ஹால் டிவியோடு இணைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதுக்குத்தான் கேட்கும் என்று அழுத்திவிட்டேன். டிவிக்குக் கீழே இருக்கும் சவுண்ட்பாரிலிருந்து நீ பேசினாய். "ஹாலுக்கு உங்க அத்தா என்னா பட்டாவா வாங்கி வச்சிருக்காரு? ரெண்டு வருஷமா அந்த சோபாவுல நான் ஒரு தடவ முதுகு சாஞ்சிருக்கேனா?"

அத்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா எப்போதும்போல சமையலறை வாசலில் நின்றிருந்தது. ஜைபா ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் எல்லாம் வந்துவிட்டது. அத்தா டம்ளரைக் கீழே வைத்தார், சட்டையை மாட்டினார், கடைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டர் விஷயம். தீபாவளி போனஸ் வந்ததும் டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் வாங்கலாம் என்று நாம் பேசியது உண்மை. கம்பெனி நண்பன் ஹரீஷ்குமாரோடு பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போனதும், கேமிங் பிசி வாங்கி வந்ததும் உண்மை. உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. அது எந்த நாளும் வீணாகாது. பழசானால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேம் எல்லாம் தள்ளுபடியில் வரும். ஜைபா ப்ராஜெக்ட் பண்ணலாம். கன்சோலைத் திறந்து பார்க்கக்கூட முடியாது, அது ஒரு மூடின டப்பா. நான் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை செய்கிறவன். திறந்து பார்க்க முடியாத சாமான் மேல் எனக்கு நம்பிக்கை வராது.

நம் ரூமில் ஜன்னல் பக்கம் மேசை போட்டு வைத்திருக்கிறேன். நீ சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு என்று போனவள், கல்யாணம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகும் சிங்காரப்பேட்டையிலேயே இருக்கிறாய். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு வரட்டுமா?

உன் அண்ணன் வந்துவிட்டார்.

அஜாஸ்

---

சிங்காரப்பேட்டை
7-11-2025, வெள்ளி

மச்சான்,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஊர் முழுக்க என்னை நோயாளி ஆக்க வேண்டாம். கேட்கிறவர்களிடம் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றே சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் அம்மா பிரியாணி போடும், உங்கள் தட்டில் இரண்டு கறித்துண்டு கூட வைக்கும், என் வாயை மூடச் சொல்லும். அந்த வேடிக்கையெல்லாம் எனக்கு இப்போது தாங்காது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். கார்டாம், தள்ளுபடியாம், ப்ராஜெக்டாம். நான் கேட்டது அதையா? விளையாட எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அண்ணன் அப்போது வைத்திருந்த செல்போன் கடையின் பின்பக்கம் ஒரு பழைய கன்சோல் இருந்தது. கடை மூடினதும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஹால் டிவியில் மாட்டுவோம். கார் ரேஸில் அண்ணனை நான் தோற்கடிக்கும்போது அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து நின்று கை தட்டும். எங்கள் அத்தா இருந்தவரை, "இந்தப் புள்ளைக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கம்ப்யூட்டர் பெரிசா கன்சோல் பெரிசா என்று அங்கே ஒருத்தரும் பேசினதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும். மாமி உள்ளே, ஜைபா உள்ளே, நான் உள்ளே. யாரும் வராத நேரத்திலும் மாமி சமையலறை வாசலில் நின்றுகொண்டுதான் சீரியல் பார்க்கிறது. கால் வலிக்கிறது என்று தைலம் தேய்க்கிறது, ஆனால் சோபாவில் உட்காராது. அந்த டிவி என் சீரோடு வந்த டிவி மச்சான். அதைத் துடைக்கும்போது மட்டும்தான் நான் அதன் முன்னால் நிற்கிறேன்.

கன்சோல் கேட்டது அதனால்தான். கன்சோல் டிவிக்குக் கீழே இருக்கும், பட்டனை அழுத்தினால் ஓடும், இரண்டு பேர் கையில் பிடித்து ஆடலாம். ஹாலில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. நீங்கள் என்ன செய்தீர்கள்? ரூமுக்குள் மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடுகிற சாமானை வாங்கி வந்தீர்கள். வாங்கிவிட்டு, "இனிமே உன்ன யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று வேறு சொன்னீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன். உங்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

மாமா சாப்பிடுகிறாரா?

நிகத்

---

ஓசூர்
11-11-2025, செவ்வாய்

நிகத்,

நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து ஒரு இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. வீட்டில் ரூமுக்கும் ஹாலுக்கும் நடக்கிறேன். "என்னாத்துக்கு இப்படி சுத்திக்கினு இருக்கற?" என்று அம்மா கேட்கிறது. கம்பெனியில் ஒரே பீஸைத் திரும்பத் திரும்ப அளக்கிறேன். சூப்பர்வைசர் கங்கப்பன் அண்ணன், "தம்பி, அது உங்க கைச்சூட்டுலயே பெரிசாயிடும், கீழ வைங்க" என்றார்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர் ரூமிலேயே இருக்கட்டும். அங்கிருந்து நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை வெண்டிலேட்டர் வழியாக விட்டு, ஷோகேஸுக்குப் பின்னால் இறக்கி, ஹால் டிவியில் சொருகிவிடலாம். ஹாலில் யாரும் இல்லாதபோது நீ வயர்லெஸ் கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்து ஆடலாம். யாராவது வந்தால் ரூமுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து மானிட்டரில் தொடரலாம். ஆட்டமும் நிற்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஹரீஷ்குமாரிடம் சொன்னேன், சூப்பர் ஐடியா என்றான். கேபிளும் வாங்கிவிட்டேன். நேற்று இழுத்துப் பார்த்தோம், படம் நன்றாக வருகிறது. என்ன, ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்கிறது, அதற்கு ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. நடுவில் அப்டேட் என்று சொல்லிவிட்டுப் பாதி சாயங்காலம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் சரி பண்ணிவிடலாம்.

அத்தாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாப்பிடுகிறார். ஆனால் வீட்டில் இல்லை. காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு நேராக சீட் கவர் கடைக்குப் போய்விடுகிறார். மதியச் சாப்பாட்டையும் கடைக்கே அனுப்பச் சொல்கிறார். சாயங்காலம் வந்தால் மொட்டை மாடியில் சேர் போட்டு உட்காருகிறார். ஹாலுக்குள் கால் வைப்பதே இல்லை. பள்ளிவாசல் ஜமாஅத் ஆட்கள் தேடி வந்தால் வாசலில் நின்றே பேசி அனுப்புகிறார். பேப்பர் சோபாவில் மடித்தபடி கிடக்கிறது. நான் பேச வேண்டும் என்று தினமும் மாடிப்படி ஏறுகிறேன், பாதியில் தண்ணீர் டேங்கைப் பார்க்க வந்தவன் மாதிரி திரும்பிவிடுகிறேன்.

கேபிள் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அஜாஸ்

---

சிங்காரப்பேட்டை
14-11-2025, வெள்ளி

மச்சான்,

கேபிளைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டீர்கள். கேபிள் ஹாலுக்கு வரலாம், வெண்டிலேட்டர் வழியாக வரலாம், ஷோகேஸுக்குப் பின்னால் இறங்கலாம். நான் மட்டும் கதவு வழியாக வரக்கூடாது. இதைத்தான் நினைக்கிறேன்.

நான் என்ன திருடியா? சத்தம் கேட்டால் ஓடி, ரூமுக்குள் விட்ட இடத்திலிருந்து தொடர? உங்கள் நண்பர் சூப்பர் ஐடியா என்றாராம். அவர் வீட்டில் அவர் மனைவி முனிலட்சுமி சோபாவில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பட்டாணி உரிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு வேண்டுமானால் அந்தக் கேபிளைக் கொடுத்துவிடுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன், கோபம் அப்படியேதான் இருந்தது. சரி, அனுப்பிவிடலாம் என்று அனுப்புகிறேன்.

ஆனால் மாமா மாடியில் போய் உட்காருகிறார் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் காதில் அப்படி விழவேண்டிய பேச்சும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தினமும் கடையிலிருந்து வரும்போது இளநீர் வாங்கி வந்து, கையில் கொடுக்காமல் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். அந்த மனுஷருக்கு நான் பட்டா கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதே சமயம் கேட்டதில் தப்பில்லை என்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. நேற்று ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "நிகத் ஹாலில் உட்காரும், விளையாடும், அதுவும் இந்த வீட்டு ஆள்தான்" என்று. இதைச் சொல்ல உங்களுக்கு எந்தக் கார்டும் கேபிளும் தேவையில்லை. அது முடியவில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் இங்கே ஒரு வேலை தேடிக்கொள்கிறேன். ஊத்தங்கரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். மிரட்டுவதற்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கூப்பிடுகிறார்கள்.

நிகத்

---

ஓசூர்
19-11-2025, புதன்

நிகத்,

ஆடிட்டர் ஆபீஸ் என்ற வரியை மூன்று தடவை படித்தேன். ஆனால் இந்தத் தடவை நல்ல செய்தி இருக்கிறது, முழுசாகப் படி.

எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் 'ஒய்-ஒய்' போடுவோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்கவேண்டும், வரும் பதிலுக்கும் ஏன் என்று கேட்கவேண்டும். இப்படி ஐந்து தடவை தோண்டினால் வேர் கிடைத்துவிடும், வேரைச் சரிசெய்தால் தப்பு மறுபடி வராது. நம் விஷயத்துக்கும் போட்டுப் பார்த்தேன். நிகத் ஏன் போனாள்? பிசி வந்ததால். பிசி ஏன் பிடிக்கவில்லை? அது ரூமுக்குள் இருப்பதால். ஏன் ரூமுக்குள்? ஹாலில் வைக்க முடியாததால். ஏன் முடியாது? அத்தா ஹாலில் இருப்பதால். அதோடு எனக்கு வேர் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இப்போதுதான் அத்தா ஹாலில் இல்லையே!

உடனே வேலையை முடித்தேன். பிசியை ஹரீஷ்குமார் எடுத்துக்கொண்டான், அவனுக்கு ரொம்ப நாளாக அதன் மேல் ஒரு கண். அந்தப் பணத்தில் புதுக் கன்சோல் வாங்கிவிட்டேன். டிவிக்குக் கீழே வைத்தாகிவிட்டது. நீ சொன்னது சரிதான், பட்டனை அழுத்தினால் வந்துவிடுகிறது, பாஸ்வேர்டும் இல்லை, ஓட்டமும் இல்லை. இரண்டு கண்ட்ரோலர். நேற்று நானும் ஜைபாவும் கார் ரேஸ் ஆடினோம். அவள் சுவரிலேயே ஓட்டினாள். அம்மா வாசலில் நின்று பார்த்தது. உட்காரும்மா என்றேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டது. அடுப்பில் பால் இல்லை.

அத்தாவிடமும் பேசிவிட்டேன். முழுசாக இல்லை, கொஞ்சம். மாடிக்குப் போய், "அத்தா, நிகத் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "நான் என்னிக்காச்சும் யாரையாச்சும் உள்ள போன்னு சொல்லிருக்கனாடா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. கீழே வந்துவிட்டேன்.

இப்போது ஹால் முழுக்க உனக்குத்தான். யாரும் வருவதில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை மட்டும் எங்கள் வேலையைச் சோதிக்க கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். காலை ஷிஃப்டுக்குப் போனால் அடுத்த ஷிஃப்டும் சேர்த்து இருக்கச் சொல்லிவிட்டார்கள். மற்ற எந்த நாள் சொன்னாலும் நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன்.

அஜாஸ்

---

சிங்காரப்பேட்டை
22-11-2025, சனி

மச்சான்,

கன்சோல் வாங்கியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று இரண்டு தடவை முயற்சி செய்தேன். வரவில்லை.

உங்கள் ஒய்-ஒய்யில் ஐந்து தடவை கேட்கவேண்டும் என்று நீங்களே எழுதிவிட்டு நான்கோடு நிறுத்தியிருக்கிறீர்கள். ஐந்தாவதை நான் கேட்கிறேன். மாமா ஹாலில் இருந்தால் நான் ஏன் அங்கே உட்கார முடியாது? அவர் போகச் சொன்னதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அது உண்மைதான், நானும் நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில்லை. மாமி எழுந்து போனது, அதைப் பார்த்து ஜைபா போனாள், அதைப் பார்த்து நான் போனேன். இரு என்றும் ஒருவரும் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை. உங்களுக்கு அவரிடம் பேசப் பயம். அவர் அடித்துவிடுவார் என்ற பயம் இல்லை, முகம் வாடிவிடும் என்ற பயம். அந்தப் பயத்துக்காகத்தான் பேச்சை மாற்றி பிசி வாங்கினீர்கள். இப்போது அதே பயத்துக்காகத்தான் கன்சோல் வாங்கியிருக்கிறீர்கள். சாமான்தான் மாறியிருக்கிறது.

ஹால் காலி, வா என்கிறீர்கள். காலியான ஹால் எனக்கு எதற்கு? ஒரு மனுஷரை மாடிக்குத் துரத்திவிட்டு அவர் இடத்தில் காலை நீட்டி உட்கார நான் கேட்கவில்லை. அவரும் இருக்கவேண்டும், நானும் இருக்கவேண்டும். இது அவ்வளவு பெரிய ஆசையா?

நான் வருகிறேன். வியாழக்கிழமை வருகிறேன். நீங்கள் இல்லாத நாள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் மாமா உங்களைப் பார்ப்பார், நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள், நான் தரையைப் பார்ப்பேன். மறுபடி எல்லோரும் எழுந்து போய்விடுவோம். இதை நான் தனியாகச் செய்துகொள்கிறேன்.

யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். லீவு போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள். நான் போய்ச் சேர்ந்தால் சேர்ந்தேன், இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அந்த ஆடிட்டருக்கு அதற்கடுத்த திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நிகத்

---

ஓசூர், கம்பெனி கேன்டீன்
27-11-2025, வியாழன்

நிகத்,

இதை எப்படி உன்னிடம் சேர்ப்பது என்று தெரியாமலே எழுதுகிறேன். இன்ஸ்பெக்ஷன் தாளின் பின்பக்கம். போனை கேட்டில் வாங்கி லாக்கரில் பூட்டிவிட்டார்கள், ஆடிட் நாள் என்பதால் வெளியே எட்டிப் பார்க்கவும் முடியாது. நீ இப்போது எங்கே இருக்கிறாய்? கிருஷ்ணகிரி தாண்டியிருப்பாயா? சூளகிரி? இல்லை, இந்நேரம் வீட்டு வாசலிலா? வண்டி ஏறினாயா என்பதே எனக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அத்தா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பிறகு ஒன்று தோன்றியது. இன்று நீ யாரிடமும் சொல்லாதே என்று எழுதியதால் விழுங்கினேன். மற்ற நாளெல்லாம் யார் சொல்லி விழுங்கினேன்? என் வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான்.

அவர் முகம் வாடிவிடும் என்று பயம், நீ எழுதியது நூற்றுக்கு நூறு சரி. சின்ன வயதில் கடையில் ஒரு தடவை ரெக்ஸின் ரோலைத் தப்பாக வெட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. முகம் வாடி, அதை ஓரமாக வைத்தார். அன்றிலிருந்து அந்த முகத்தைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்றுதான் எல்லாம் செய்கிறேன். அதற்கு விலையாக உன்னை ரூமுக்குள் வைத்துவிட்டேன். இந்த வரியே கோணிக்கொண்டு போகிறது, ஆடிட்டர் பார்த்தால் இவனிடமா அளக்கிற மைக்ரோமீட்டரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பார்.

அத்தா உன்னைப் பார்த்துப் பேசாமல் இருந்தால் என்ன செய்வாய்? எழுந்து மாடிக்குப் போய்விட்டால்? நீ அடுத்த பஸ்ஸில் போய்விடுவாயா? போனால் நான் சிங்காரப்பேட்டைக்கே வந்துவிடுவேன். அங்கிருந்து வேலைக்கு வர முடியாது, தெரியும். இருந்தாலும் வந்துவிடுவேன்.

மணி அடித்துவிட்டது. தட்டில் வைத்த பொங்கல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கங்கப்பன் அண்ணன், "என்னா தம்பி, லவ் லெட்டரா?" என்கிறார். ஆமாம் என்றேன்.

அஜாஸ்

---

ஓசூர், நம் வீடு
27-11-2025, வியாழன்

மச்சான்,

ஹரீஷ்குமார் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறார், இந்தக் கேரியரில் உங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறேன். கேட்டில் செக்யூரிட்டி டப்பாவைத் திறந்து பார்ப்பார்களாம், அதனால் கடிதத்தை மூடிக்குள் சுருட்டி வைக்காமல் வெளிப்படையாக மேலேயே வைக்கிறேன். பார்த்தால் பார்க்கட்டும். முதலில் சாப்பிடுங்கள், பிறகு படியுங்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். மாமா ஒரு சீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைக்க மறந்துவிட்டார். நான் ஸலாம் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது ஒரு பெரிய பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "மாமா, நான் அப்படிப் பேசினது தப்பு. ஆனா எனக்கு ஹால்ல உக்காரணும். நீங்களும் அங்க இருக்கணும். வீட்டுக்கு வாங்க, போலாம்" என்றேன். அவ்வளவுதான்.

அவர் அப்போதுதான் சுத்தியலைக் கீழே வைத்தார். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடைப் பையனிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். என் பையைக் காலடியில் வைத்துக்கொண்டார். அவர் பின்னால் உட்கார்ந்து நான் இந்த ஊருக்குள் வந்தது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அவர் சோபாவில் தன் இடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மாமி சமையலறை வாசலில் வந்து நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தது. கன்சோலைப் போட்டேன். கார் ரேஸ். முதல் வளைவிலேயே மோதினேன். மாமா பேப்பருக்கு மேலே பார்த்தார், பிறகு பேப்பருக்குள் போய்விட்டார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். உத்தனப்பள்ளி நாராயணப்பன், தக்காளித் தோட்டக்காரர், டிராக்டர் சீட்டுக்கு அளவு சொல்ல மாமாவைத் தேடிக்கொண்டு கடைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மச்சான், நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்தினேன், எழுந்தேன், உள்ளே போய்விட்டேன். யாரும் சொல்லவில்லை. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. என் கால் தானாகப் போய்விட்டது. அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. இதற்கா இத்தனை சண்டை போட்டேன், உங்களைப் பயந்தவர் என்று எழுதினேன்? மாமி என் தோளில் கை வைத்தது. தட்டை எடுத்து என் கையில் கொடுத்தது.

டீயோடு ஹால் வாசலில் வந்து நின்றேன். டிவியில் என் கார் சாலை நடுவில் அப்படியே நின்றிருந்தது. நாராயணப்பன் அதைப் பார்த்துவிட்டு மாமாவிடம், "ஏம்ப்பா ஷௌகத், யாரு ஆட்டம் இது, பாதியில நின்னுக்கினு இருக்குது?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். "என்னோடதுங்க." டீயை இருவருக்கும் கொடுத்தேன். தட்டைக் கீழே வைத்தேன். என் இடத்தில் போய் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தேன். நாராயணப்பன் டீயைக் குடித்துக்கொண்டே, "அம்மா, லெஃப்ட்ல ஒருத்தன் வரான் பாரு" என்றார். அவரை முந்திவிட்டேன், அதாவது அந்த லெஃப்டில் வந்தவனை. டிராக்டர் சீட் அளவை இரண்டு தடவை சொல்லிவிட்டு அவர் போனார்.

அதற்குப் பிறகு நானும் மாமாவும் மட்டும். நான் அடுத்த ரேஸை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "இது எப்பம்மா முடியும்? ஒரு மணிக்கு நியூஸ் இருக்குது" என்றார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டார்.

"இந்த ஒரு ரவுண்டு மாமா, முடிஞ்சதும் தர்றேன்" என்றேன். அவர் ம்ம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில், ஹாலில் இருக்கும் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கவேண்டிய நிலைமை ஒருவருக்கும் வந்ததில்லை.

ரவுண்டு முடித்துக் கொடுத்தேன். இப்போது நியூஸ் ஓடுகிறது. அது முடியட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிகத்